காது கேக்குதுங்களா?

என் அலமாரியில் 63 தட்டுகள் இருக்கின்றன. சாப்பிடுகிற தட்டு இல்லை ஸார், பாட்டுத் தட்டு! 'சூப்பர் ஆடியோ சி.டி.' என்று நாமகரணம். ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரு சிப்பம் அரிசி விலை. இதை என் சம்சாரத்திடம் சொன்னதில்லை. (இந்தப் பத்திரிகை எங்கள் வீட்டில் வாங்குவதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை சாயந்திரம், இந்தத் தட்டுகளை ஓட்டும் ப்ளேயர் 'க்ளிக்... க்ளிக்...' என்று இரண்டு தரம் விக்கியது. பிறகு, 'உள்ளே டிஸ்க் இல்லை' என்று நெற்றியில் எழுத்துக் காட்டியது. உள்ளே டிஸ்க் இருக்கிறது. நான்தானே வைத்தேன்!

எடுத்தேன், துடைத்தேன், வைத்தேன். இல்லை. வேறு தட்டு வைத்தேன். அதுவும் இல்லையாம். 2004-ல் சிங்கப்பூரிலிருந்து சொந்தக்காரர் ஒருவர், துணிமணிக்கு நடுவே பச்சைக் குழந்தையைப் போலச் சுற்றிக்கொண்டு வந்து கொடுத்த ப்ளேயர். இருபது வருஷமாக அதைத் தொட என்னைத் தவிர யாருக்கும் அனுமதி கிடையாது. எங்கள் வீட்டில் சாமி அறையில்கூட அத்தனை ஆசாரம் இல்லை.

கடைவீதிப் பக்கம் ஒரு ரேடியோக்காரர் இருக்கிறார். நாற்பது வருஷ அனுபவம். சேலத்தில் பாதி ஆம்ப்ளிஃபயர்கள் அவர் கையால் அசெம்பிள் ஆனவை. திறந்து பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"லென்ஸ் போயிருச்சுங்க ஸார்."

"வேற போட்டுடுங்க."

"எங்கீங்க போறது? மெட்ராஸ் ரிச்சி ஸ்ட்ரீட்டுல ஃபோன் போட்டுக் கேட்டாச்சு. இந்த லென்ஸ் வர்றது நின்னு வருஷமாச்சாமுங்க."

"அப்ப என்னதான் பண்றது?"

கொஞ்ச நேரம் யோசித்தார். முகம் மலர்ந்தது.

"ஒண்ணு பண்ணலாமுங்க. உள்ள இருக்கறதையெல்லாம் கழட்டிப் போட்டுட்டு ஒரு ப்ளூடூத் போர்டு வச்சுத் தர்றேன். டப்பா நல்லா கனமா இருக்குது ஸார், வீணாக்க வேண்டாம்!"

நான் டப்பாவை எடுத்துக்கொண்டு ஆட்டோ ஏறிவிட்டேன்.

* * *

இந்தத் தட்டு விவகாரம் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. சாதாரண சி.டி. கடைக்கு வந்தது 1982 அக்டோபரில், ஜப்பானில். சோனியும் ஃபிலிப்ஸும் சேர்ந்து பெற்ற பிள்ளை. பாட்டின் அலையை ஒரு செகண்டுக்கு 44,100 தரம் அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட் எண்ணாக எழுதி வைப்பார்கள். மனிதக் காதுக்கு எட்டுகிற மிக மெல்லிய கீச்சு ஒலி 20,000 ஹெர்ட்ஸ். அதைப் பிடிக்க அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் அளந்தால் போதும் என்பது கணக்கு. 44,100 அங்கிருந்துதான் வந்தது.

'போதும்' என்ற வார்த்தை வியாபாரத்துக்கு ஆகாதே! அதே இரண்டு கம்பெனிகளும் 1999-ல் சூப்பர் ஆடியோ சி.டி.யைக் கொண்டுவந்தார்கள். இதில் செகண்டுக்கு 28 லட்சத்து 22 ஆயிரத்து 400 தரம் அளவு! போட்டிக்கு 2000-ல் 'டி.வி.டி. ஆடியோ' வந்தது. அதில் 24 பிட், செகண்டுக்கு 1,92,000 தரம் வரை. இரண்டு கோஷ்டியும் அடித்துக்கொண்ட நேரத்தில் ஜனங்கள் சத்தமில்லாமல் எம்பி3-க்குப் போய்விட்டார்கள். டி.வி.டி. ஆடியோ கொஞ்ச வருஷத்தில் கண்ணை மூடியது. சூப்பர் ஆடியோ இன்னும் மூச்சு விடுகிறது; பெரும்பாலும் ஜப்பானிலும், மேல்நாட்டு சாஸ்திரிய சங்கீதக்காரர்களின் தயவிலும்.

நான் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. அளவு கூடக்கூட நைஸ் என்று நம்பிவிட்டேன். 40-ம் நம்பர் நூலில் நெய்த வேட்டிக்கும் 100-ம் நம்பர் நூலில் நெய்த வேட்டிக்கும் வித்தியாசம் தொட்டாலே தெரியும் இல்லையா? அதுபோல 44,100-ஐவிட 28 லட்சம் எத்தனை நைஸாக இருக்க வேண்டும்!

அங்கேதான் ஏமாந்தேன். அளக்கிற தடவை கூடினால் துணி நைஸாவதில்லை, அகலம்தான் கூடுகிறது. 20,000-க்கு மேலே நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று வௌவாலுக்குக் கேட்கிற ஒலியெல்லாம் தட்டில் ஏறும். கட்டுகிறவன் இடுப்பு அதே இடுப்புதான்.

16 பிட்டுக்குப் பதில் 24 பிட் என்பதும் இதே கதை. சி.டி.யில் மிக மெல்லிய சத்தத்துக்கும் மிகப் பெரிய சத்தத்துக்கும் நடுவே 96 டெசிபல் இடம் இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு என் வீட்டு ஹாலில் ஃபேன், ஃப்ரிட்ஜ், அடுத்த தெரு நாய், பைபாஸில் ஏர் ஹாரன் அடித்துக்கொண்டு போகும் நாமக்கல் லாரி எல்லாம் சேர்ந்து நாற்பது டெசிபலை விழுங்கிவிடும். மிச்சத்தில்தான் பாட்டு. 24 பிட் தருகிற கூடுதல் மெல்லிசை எல்லாம் அந்த நாய்க்கு அடியில் போய்விடும்.

இதெல்லாம் இப்போது தெரிந்த ஞானம். அப்போது யார் சொன்னாலும் கேட்டிருக்க மாட்டேன். வீட்டுக்கு வருகிற ஒறம்பரையையெல்லாம் உட்கார வைத்து, "அந்த வயலின் பின்னால ஒரு காத்து வருது பாருங்க" என்பேன். அவர்களும் காப்பி வருகிற வரைக்கும் தலையாட்டுவார்கள்.

* * *

வினை ஒரு தீபாவளிக்கு அக்கா மகன் ரூபத்தில் வந்தது. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. (ப்ளேயர் நன்றாக ஓடிக்கொண்டிருந்த காலம் அது.)

"மாமா, நெஜமாவே உங்களுக்கு வித்தியாசம் தெரியுதா?"

"என்னடா இப்படிக் கேக்கறே! குருடனுக்குக்கூடத் தெரியும்."

"அப்ப கண்ணை மூடிக்கிட்டே பாத்துடலாம்."

அந்தத் தட்டுகளில் பலவற்றில் இரண்டு அடுக்கு உண்டு. மேலடுக்கு சாதாரண சி.டி., உள்ளடுக்கு சூப்பர். பட்டனைத் தட்டினால் மாறும். என் சம்சாரத்தின் பழைய சுங்குடிப் புடவையைக் கொடியில் தொங்கவிட்டு ப்ளேயரை மறைத்தான். இரண்டும் ஒரே சத்தத்தில் இருக்கவேண்டும் என்று ஃபோனில் ஏதோ மீட்டரை வைத்து அளந்தான். "ஒண்ணு கொஞ்சம் சத்தமா இருந்தாலே அதுதான் ஒசத்தின்னு மனசு சொல்லிடும் மாமா." ஒரு ரூபாய்க் காசைச் சுண்டி, பூ விழுந்தால் சூப்பர், தலை விழுந்தால் சாதா. 20 தரம்.

நான் சோபாவில் சாய்ந்து, ஜட்ஜ் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு, "சூப்பர்... சாதா... சூப்பர், சந்தேகமே இல்லை..." என்று தீர்ப்பு சொல்லிக்கொண்டே போனேன்.

20-க்கு 11.

"பரவாயில்லையே, பாஸ் மார்க்!" என்றேன்.

"மாமா, பாட்டே கேக்காம சும்மா காசைச் சுண்டிச் சொன்னாலே 10 வரும். நெஜமாத் தெரியுதுன்னு ஒத்துக்கணும்னா கொறஞ்சது 15 வேணும்."

அவன் என்னை அவமானப்படுத்தவில்லை என்பதற்கு அத்தாட்சியாக ஒரு தகவலும் சொன்னான். 2007-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக்காரர்கள் இதே பரீட்சையைப் பெரிய அளவில் வைத்திருக்கிறார்கள். ஒலிப்பதிவுத் தொழிலில் இருப்பவர்களும், காது பெருமை பேசுகிறவர்களும் உட்கார்ந்தார்கள். மொத்தம் 554 தரம் கேட்டதில் சரியான விடை 276. அங்கேயும் காசு சுண்டல்தான்! 2016-ல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் இதுவரை நடந்த 18 ஆராய்ச்சிகளைக் கூட்டிப் பார்த்து, 12,000 தரத்துக்கு மேல் கேட்டதில் நூற்றுக்கு 52 சொச்சம் சரி என்று கண்டார்கள். காதைப் பழக்கினவர்களுக்கு அதைவிடக் கொஞ்சம் கூட. அதாவது வித்தியாசம் அடியோடு இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அரிசிச் சிப்பம் கொடுத்து வாங்குகிற வித்தியாசம் இல்லை!

இதோடு முடிந்திருந்தால் நான் அடுத்த ஒறம்பரையிடம் பழையபடி ஆரம்பித்திருப்பேன். பையன் விடவில்லை. ஒரு இளையராஜா சி.டி.யை எடுத்தான். அதிலிருந்தே 128 கிலோபிட் எம்பி3 ஒன்று செய்தான். பஸ் ஸ்டாண்டில் ஒரே தட்டில் நூறு பாட்டு என்று விற்றார்களே, அந்தத் தரம். சி.டி.யில் இருப்பதில் பதினொன்றில் ஒரு பங்கு விஷயம்தான் அதில் மிச்சம் இருக்கும்.

"இதாவது தெரியுதா மாமா?"

கேட்டேன். இன்னொரு தரம் கேட்டேன். சத்தியமாக இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது.

சமையற்கட்டு வாசலில் கரண்டியோடு நின்ற என் சம்சாரம் சொன்னாள்: "ஏனுங்க, இது நல்லா இல்லீங்களே. அந்தத் தாளச் சத்தம் 'ஜிங்'னு நிக்காம, சல்லடையில மணல் சலிக்கற மாதிரி சலசலங்குது."

பையன் துள்ளி எழுந்தான். "அத்தை! அதேதான்! அதேதான் எம்பி3-யோட கோளாறு!" புடவைக்கு இந்தப் பக்கம் அவளை உட்கார வைத்துச் சுண்டினான். 20-க்கு 17. அதுவும் அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு!

ராசிபுரத்துப் பெண். எந்த ஆடியோ புஸ்தகமும் படித்ததில்லை. நான் வாயடைத்து உட்கார்ந்திருந்தேன். என்னை உறுத்தியது எம்பி3 இல்லை. அவளுக்குக் கேட்கிற 'ஜிங்' எனக்கு ஏன் கேட்கவில்லை?

* * *

காது டாக்டர் என்னைத் தபால் பெட்டி மாதிரி ஒரு கூண்டுக்குள் உட்கார வைத்தார். காதில் ஹெட்ஃபோன், கையில் பட்டன். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். 'பூம்...' அமுக்கினேன். 'பூ...' அமுக்கினேன். பிறகு ரொம்ப நேரம் ஒன்றுமே வரவில்லை. மிஷின் கெட்டுவிட்டது போலிருக்கிறது என்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உள்ளே அந்தப் பெண் பட்டனைத் திருகிக்கொண்டேதான் இருந்தாள்.

கிராஃப் வந்தது. கோடு கொஞ்ச தூரம் சமதரையில் நடந்து, 4,000 ஹெர்ட்ஸில் கிணற்றில் விழுந்தாற்போல் விழுந்தது. வலது காதில் 45 டெசிபல் பள்ளம். இடது காதில் 60.

டாக்டர் கோட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். வயசு கேட்கவில்லை, வியாதி கேட்கவில்லை.

"சின்ன வயசுல தறி வீட்டுல இருந்தீங்களா?"

எனக்கு உடம்பு ஒரு நிமிஷம் சில்லிட்டுவிட்டது.

பள்ளிபாளையம். காவிரிக்கு இந்தக் கரை. அந்தக் கரையில் ஈரோடு. முன் ஹாலில் நாலு விசைத்தறி, பின்னால் நாங்கள். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் மாறி மாறி, ராத்திரி பகல் ஓட்டம். நாடாக் கட்டை இந்தப் பக்கம் ஒரு அடி, அந்தப் பக்கம் ஒரு அடி. நிமிஷத்துக்கு நூற்றுச் சொச்சம் அடி, ஒரு தறிக்கு. அந்த 'தடக் தடக்'கில்தான் பிறந்தேன், தூங்கினேன், எஸ்.எஸ்.எல்.சி. படித்தேன். ராத்திரி கரண்ட் போனால் நாங்கள் திடுக்கிட்டு விழித்துக்கொள்வோம். நிசப்தம் எங்களுக்குப் பழக்கமில்லை! கரண்ட் இல்லாத அந்த அரை மணி நேரத்தில்தான் குடும்பமே பேசிக்கொள்ளும். அப்பா அப்போதுதான் மளிகைக் கணக்கு கேட்பார். அம்மா பதில் சொல்லி முடிப்பதற்குள் கரண்ட் வந்துவிடும். மிச்சம் கை ஜாடை.

அந்தத் தறி ஹாலில் சத்தம் தொண்ணூறு டெசிபலைத் தாண்டும். நம் நாட்டுத் தொழிற்சாலை விதிப்படி தொண்ணூறில் எட்டு மணி நேரம்தான் இருக்கலாம். வீட்டுக்குள்ளேயே தொழிற்சாலை இருந்தால் விதி எந்த வாசல் வழியாக உள்ளே வரும்?

டாக்டர் விளக்கினார். உள் காதில் நத்தைக் கூடு மாதிரி ஒரு சுருள். அதில் ஆயிரக்கணக்கில் முடி போன்ற அணுக்கள். ஒவ்வொரு இடத்து அணுவும் ஒவ்வொரு சுருதிக்கு. ஓயாத சத்தத்தில் முதலில் சாகிறது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்து அணுக்கள். கோழிக்குச் செத்த அணு திரும்ப முளைக்குமாம்; மனுஷனுக்கு முளைக்காது. (கோழிக்குப் பேர் போன நாமக்கல்லில் இத்தனை கோடிக் கோழிகள் நம்மைவிட நல்ல காதோடு இருக்கின்றன என்று பஸ்ஸில் திரும்பும்போது நினைத்துக்கொண்டேன்.)

அதாவது, ஒரு லட்சம் ஹெர்ட்ஸ் வரை தாங்கும் தட்டை வாங்கி, நாலாயிரத்தில் விழுந்துவிட்ட காதுக்கு நான் இருபது வருஷம் படையல் போட்டிருக்கிறேன்.

பழைய கணக்கு ஒன்றும் அப்போதுதான் நேரானது. ப, த, ச போன்ற எழுத்துக்களின் உயிர் மேல் சுருதியில் இருக்கிறதாம். அது போனால் சத்தம் கேட்கும், வார்த்தை குழம்பும். ஒரு ஆடி மாசம், கோட்டை மாரியம்மன் பண்டிகை சமயம், என் சம்சாரம் உள்ளிருந்து, "பட்டு எடுக்கப் போலாமுங்களா?" என்றாள். 'தட்டு எடுக்கப் போலாமா' என்று என் காதில் விழுந்தது. உலகத்திலேயே புண்ணியவான் நான்தான் என்று குதித்துக் கிளம்பினேன். கடை வாசலில்தான் விஷயம் புரிந்தது. அவளுக்கு இன்று வரை அந்தப் பட்டின் பேரில் தனிப் பிரியம் - 'கேட்டவுடனே எடுத்துக் கொடுத்தார்' என்று!

* * *

மெஷின் வைக்கச் சொன்னார் டாக்டர். நான் தள்ளிப்போட்டேன். காது மெஷின் கிழவர்களுக்கு அல்லவா? (எனக்கு அப்போது 64.) தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தபோதுதான் அந்தப் புதன்கிழமை ப்ளேயர் விக்கியது.

இப்போது இரண்டு செலவு எதிரெதிரே நின்றது. புது சூப்பர் ஆடியோ ப்ளேயர் என்றால் லட்சத்துக்கு மேல். டெனான், மராண்ட்ஸ் மாதிரி சிலர் இன்னும் செய்கிறார்கள். ஆனால் ஆடியோ பிரியர்கள் கொண்டாடிய ஆப்போ கம்பெனி 2018-லேயே கடையைக் கட்டிவிட்டது. சோனி 2025 பிப்ரவரியோடு, வீட்டில் பதிவு செய்கிற ப்ளூரே தட்டு, மினி டிஸ்க் எல்லாவற்றின் தயாரிப்பையும் நிறுத்திவிட்டது. ஒவ்வொரு கதவாகச் சாத்துகிறார்கள். அக்கா மகன் ஒரு உபாயம் சொன்னான்: 2006-ல் வந்த ப்ளேஸ்டேஷன் 3 வீடியோ கேம் பெட்டியின் ஆரம்ப மாடல்கள் இந்தத் தட்டைப் பாடும், பின்னால் வந்தவை பாடாது. பழைய சாமான் கடையில் தேடினால் கிடைக்கலாம் என்றான். பேரன் வயசில் விளையாடுகிற சாமானுக்காக அறுபத்து நாலு வயசுக்காரன் கடை கடையாக அலைவதை நினைத்துப் பார்த்தேன். மனசு கொஞ்சம் இழுத்ததை மறைக்க விரும்பவில்லை.

காதிலேயே செலவு செய்வது என்று முடிவு பண்ணினேன். ஜோடி ஐம்பதாயிரத்துச் சொச்சம். மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சமையற்கட்டில் யாரோ பேப்பரைக் கிழித்துக் கொளுத்துகிற மாதிரி சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் கடுகு வெடிக்கிறது! கடுகு அத்தனை நேரம், அத்தனை விதமாக வெடிக்கும் என்பதை எத்தனையோ வருஷமாக மறந்திருக்கிறேன்.

"இனிமே நான் முணுமுணுக்கறது கேக்குமுங்களா?" என்றாள் சம்சாரம்.

"கேக்கும்."

"அப்பச் சரி. இனிமே யோசிச்சுத்தான் பேசோணும்."

* * *

தட்டின் எதிர்காலம் என்ன என்று கேட்டால், என் அபிப்பிராயம் இது. நுட்பம் இனி தட்டில் இல்லை. 2021 ஜூனில் ஆப்பிள் கம்பெனி தன் பாட்டு சர்வீஸில் சி.டி. தரத்தையும் அதற்கு மேலான தரத்தையும் கூடக் காசு இல்லாமல் திறந்துவிட்டது. நான் சிப்பம் சிப்பமாகக் கொடுத்து வாங்கியது இப்போது கம்பியில்லாமல் வருகிறது. தட்டு வேண்டும் என்கிறவர்கள் பழையபடி கறுப்பு ரிக்கார்டுக்கே திரும்பிவிட்டார்கள். 2022-ல் அமெரிக்காவில் எல்.பி. 4 கோடிக்கு மேல் விற்றது, சி.டி. 3 கோடியே 30 லட்சம்தான். ஒலித் தரத்தில் சி.டி.க்குக் கால் தூசி பெறாத எல்.பி. ஜெயிக்கிறது என்றால், ஜனங்கள் வாங்குவது சத்தத்தை மட்டுமில்லை. பெரிய அட்டைப் படம், முள்ளை இறக்கும் சடங்கு, பக்கம் மாற்ற எழுந்திருக்கிற சிரமம் எல்லாம் சேர்த்து வாங்குகிறார்கள்.

எனக்குக் கவலை வேறு. தட்டில் எத்தனை லட்சம் அளவு என்பதைவிட, அதில் ஏற்றுகிற மூலம் எப்படி என்பதுதான் விஷயம். 2008-ல் மெட்டாலிகா என்ற பெரிய கோஷ்டியின் ஆல்பம் ஒன்றை எல்லாச் சத்தத்தையும் உச்சத்துக்குத் தூக்கி நசுக்கி வெளியிட்டார்கள். அதே பாட்டுக்கள் ஒரு வீடியோ கேமில் நசுக்காமல் இருந்தன. ரசிகர்கள் கேமில் இருப்பதுதான் நன்றாக இருக்கிறது என்று கையெழுத்து இயக்கமே நடத்தினார்கள்! நம் பக்கத்தில் நசுக்கல் மட்டுமில்லை, புழுக்கமும் சேர்ந்துகொள்கிறது. 1978-ல் 'ப்ரியா' ஸ்டீரியோவில் வந்தபோது, சேலத்தில் ஒரு ரிக்கார்டிங் கடையில் இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவே நின்றுகொண்டு தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினது ஞாபகம் இருக்கிறது. அந்தக் காலத்துப் பாட்டுக்களை சி.டி.யில் வாங்கிக் கேட்டால், சிலதில் இரைச்சலை எடுக்கிறேன் பேர்வழி என்று சலங்கையையும் சேர்த்துத் துடைத்திருக்கிறார்கள். ஒரிஜினல் நாடா எந்தக் கோடவுனில், எந்தச் சித்திரை வெயிலில் வெந்ததோ! கூழைத் தங்கக் கிண்ணத்தில் ஊற்றினாலும் கூழ்தான்.

ஒரு நண்பர் தன் கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்திருந்த ஒரு பழைய பதிவைப் போட்டுக் காட்டினார். சேலம் கோதாவரி. இருபதாம் நூற்றாண்டின் முதல் வருஷங்களிலேயே கிராமஃபோனில் பாடிய நம்ம ஊர் அம்மாள். மைக் கிடையாது, 1925-க்கு அப்புறம்தான் மின்சார ரிக்கார்டிங். பெரிய தகரக் குழாய்க்குள் தலையை நீட்டிப் பாட வேண்டும். பாட்டு மூன்று நிமிஷத்துக்குள் முடிந்தாக வேண்டும். கல்கத்தாவில் ஆலை வருகிற வரைக்கும், மெழுகுத் தட்டு கப்பலேறி ஜெர்மனியில் ஹானோவருக்குப் போய் அச்சாகித் திரும்பும். அதனால் அந்தக் காலத்துப் பாடகர்கள் பலர் பாட்டு முடிந்ததும் தன் பெயரைத் தானே சொல்லிவிடுவார்கள். ஹானோவரில் லேபிள் ஒட்டுகிறவனுக்கு யார் பாட்டு என்று தெரிய வேண்டாமா!

ஒரே கரகரப்பு. அதற்கு நடுவே அந்தக் குரல் ஆணி அடித்த மாதிரி நின்றது. அந்தக் குழாய்ப் பதிவில் மேலே இரண்டாயிரத்துச் சொச்சம் ஹெர்ட்ஸுக்கு அப்பால் பெரிதாக ஒன்றும் கிடையாது. மெஷினைக் கழற்றி வைத்துவிட்டும் ஒரு தரம் கேட்டேன். உலகத்திலேயே இது ஒன்றுதான், ஒரு துளி குறையாமல் என் காதுக்கு முழுசாக வருகிற தட்டு!

சேலம் - நாமக்கல் பஸ்ஸுக்கு வருகிறேன். எங்கள் பக்கத்துத் தனியார் பஸ்களில் பாட்டு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சீட்டுக்கு அடியில் பேஸ் உறுமும். தலைக்கு மேலே ட்ரெபிள் 'ஜிலுஜிலு' என்று கொட்டும். மெஷின் மாட்டின பிறகு முதல் தரம் ஏறினபோது காதைப் பொத்திக்கொண்டேன். டிரைவரிடம் கேட்டேன், "ஏனுங்க, ட்ரெபிள் இத்தனை வச்சிருக்கீங்க?"

"கொறச்சா பாட்டு மங்கலாத் தெரியுதுங்க" என்றார்.

வருஷக் கணக்காக இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனுஷன். எனக்கு மேலே கேட்கத் தோன்றவில்லை. ஏறுகிறவர்களில் பாதிப் பேர் தறி, லாரி, ரிக் வண்டி என்று ஏதாவது ஒரு சத்தத்தில் சம்பாதிக்கிறவர்கள். 'நம்ம ஊர் செட்டுன்னா சும்மா ஜிவ்வுனு இருக்கும்' என்று நாம் பெருமைப்படுகிறோமே, அந்த ருசியே இந்தப் பள்ளத்திலிருந்து வந்ததோ என்று ஒரு சந்தேகம். சந்தேகம்தான்.

* * *

பள்ளிபாளையத்தில் தம்பி இன்னும் தறி ஓட்டுகிறான். போன மாசம் மருந்துக் கடையில் காதில் அடைக்கிற பஞ்சு மாதிரியான ஒரு டஜன் அடைப்பான்களை வாங்கிக்கொண்டு போனேன். ஜோடி இருபது ரூபாய்கூட ஆகவில்லை. தறி ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வரச் சொல்லி ஜாடை காட்டினேன். வந்தான்.

"இது எதுக்குங்கண்ணா?"

சொன்னேன். கிராஃபைக் காட்டினேன். நிதானமாகப் பார்த்தான்.

"இதை அடச்சுக்கிட்டா நூல் அறுந்தாத் தெரியாதுங்கண்ணா. சத்தம் மாறினாத்தானே எந்தத் தறின்னு தெரியும்?"

"எல்லாச் சத்தமும் கொஞ்சம் கொஞ்சம் கொறயும்டா. மாறினா மாறினதும் தெரியும். ரெண்டு நாள் போட்டுப் பாரு."

"ம்?" என்றான், கையைக் காதருகே குவித்து.

மறுபடி, உரக்கச் சொன்னேன். அதற்குள் உள்ளே ஒரு தறியின் சத்தம் மாறியது. எனக்கு மெஷின் இருந்தும் பிடிபடவில்லை. அவன் அதற்குள் திரும்பிவிட்டான். அடைப்பான்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

பொங்கலுக்குத் தறி நாலு நாள் நிற்கும். அந்த வாரம் அழைத்துக்கொண்டு வருகிறேன் என்று டாக்டரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். தம்பி இன்னும் சரி என்று சொல்லவில்லை. கரண்ட் போகிற நேரமாகப் பார்த்து ஃபோன் போட வேண்டும்.